மந்தைவெளி அறைக்கு ஒரு லத்தீன் சொல்

தியாகராய நகரில், துணிக்கடைகளின் கூச்சலுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் 'ஆற்றங்கரைக் குடியிருப்போர் மறுவாழ்வு மேல்முறையீட்டு மன்றம்' சிறப்பாக இயங்கி வருகிறது. நான் சொல்லவில்லை, பெயர்ப் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு லிஃப்ட் பழக்கம் இருக்காது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மன்றத்தின் தலைவர் ராமபத்ரன், ஓய்வுபெற்ற நீதிபதி, மயிலாப்பூர்க்காரர். மற்ற மன்றங்களோடு சேர்த்துப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். மற்ற இடங்களில் வெறும் தீர்ப்பு எழுதுகிறார்கள். இங்கே தீர்ப்புக்குச் சொல் வைக்கிறார்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் அரிதான ஓர் ஆங்கிலச் சொல் இருந்தாக வேண்டும். அது லத்தீனிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒருமுறை வைத்த சொல்லை இன்னொரு தீர்ப்பில் வைக்கக் கூடாது. இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. பதவியேற்ற அன்று தலைவர் காபி குடித்துக்கொண்டே சொன்னது. அதனால் சட்டத்தைவிடக் கறாராகப் பின்பற்றப்பட்டு வருகிறது.

தீர்ப்பு நாளன்று சொல்லை வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதுவார்கள். செயலாளர் ஆம்ப்ரோஸ், சாந்தோம்காரர், ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்துப் பழகிய குரல், எழுந்து சொல்லையும் வேரையும் பொருளையும் ஓதுவார். கூடத்தில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வீடு உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை வயதான மனுதாரர் ஒருவர் எழுந்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தனக்கு வீடு இல்லை என்பதைக் கேட்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார். பொதுமக்கள் மன்றத்தின் மீது வைத்திருக்கும் மதிப்புக்குச் சான்றாக அதை ஆண்டறிக்கையில் சேர்த்தார்கள்.

வேலு இந்த மன்றத்துக்கு வந்தது ஓர் அறைக்காக.

வேலு மீன்பாடி வண்டியில் பழம் விற்பவன். மீன்பாடி என்றால் மீன் இருக்க வேண்டும் என்றில்லை. முன்னால் பலகை, பின்னால் ஆள் உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி, அவ்வளவுதான். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தான். மனைவி பாஞ்சாலிக்கு வயிற்றில் கட்டி. அடையாறு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, விடாமல் வந்து வைத்தியம் செய்துகொண்டால் சரியாக வாய்ப்பு உண்டு என்றார்கள். பலகையில் கொய்யாவை ஒதுக்கி, ஒரு தலையணை போட்டு, பாஞ்சாலியை உட்கார வைத்து வேலு மிதித்துக்கொண்டு போவான். "சாமி ஊர்வலம் போவுது, வழி விடுங்கப்பா" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். பாஞ்சாலியும் அங்கிருந்தே கை தூக்கி ஆசீர்வாதம் செய்வாள்.

அப்போதுதான் ஆற்றோரத்தை அழகுபடுத்தினார்கள். வரிசையாக எல்லா வீட்டையும் எடுத்து, மனிதர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஏழாவது தளத்தில் விட்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். மோட்டார் ஓடினால் வீட்டில் தண்ணீர். ஓடாவிட்டால் கீழே போய் வரிசையில் நிற்க வேண்டும். மோட்டாருக்கு ஓடும் எண்ணம் அவ்வளவாக இல்லை.

மந்தைவெளியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில், தரைத்தளத்தில், ஓர் அறை பூட்டியே கிடந்தது வேலுவுக்குத் தெரியும். அந்த வாசலில் நின்றுதான் அவன் பழம் விற்பான். வைத்தியம் முடிகிற வரைக்கும் அந்த அறையில் இருந்துகொள்கிறோம், முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று மனுப் போட்டான். மனுப் போட்டுவிட்டு வந்த அன்று பாஞ்சாலி கேட்டது ஒன்றே ஒன்று.

"தண்ணி வருமாய்யா அங்க?"

"தெர்ல. கேக்கறேன்."

"கேளு. வாந்தி எடுத்தா வாய் கொப்புளிக்கக்கூட இங்க தண்ணி இல்ல. அங்க போனா மொதல்ல தலைக்கு ஊத்திக்கணும். பக்கெட்டு, வரிசை ஒண்ணும் இருக்கக் கூடாது. தொறந்துவுட்டா கொட்டிக்கினே இருக்கணும்."

முதல் விசாரணையில் தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி வேலுவைப் பார்த்தார். "என்ன தொழில்?"

"பழ யாவாரம், ஐயா."

"பேஷ். ஆத்துல எத்தனை பேர் இருக்கேள்?"

"ஆத்துல இப்ப யாருமே இல்லிங்கய்யா. எல்லாரையும் காலி பண்ணிட்டாங்க."

ஆம்ப்ரோஸ் குனிந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தலையாட்டிவிட்டு மனுவைப் புரட்டினார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு வேலுவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"ரொம்ப நியாயமான மனு. அறை காலியாத்தான் இருக்கு. யாருக்கும் இடைஞ்சல் இல்லே. கொடுக்கறதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன்."

வேலு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"சொல்தான் வரலே," என்றார் தலைவர். "சொல் வந்ததும் தீர்ப்பு. போயிட்டு வாங்கோ."

படிக்கட்டில் வேலு ஆம்ப்ரோஸைப் பிடித்துக்கொண்டான். "இன்னா சார், ரூம்பு குடுத்துட்டாரா, இல்லியா?"

"கொடுத்துட்டார், வேலு. சொல் கிடைச்சதும் சாவி வாங்கிக்கலாம்."

"இன்னா சொல்லு?"

"அது தெரிஞ்சா இப்பவே கொடுத்துடுவாரே. தேடிட்டிருக்கார்."

"நா எதனா சொல்லட்டுமா சார்?"

"நீ சொல்றது லத்தீன்லேர்ந்து வந்திருக்கணும்பா," என்றார் ஆம்ப்ரோஸ். அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த மன்றத்தில் யாரும் கிண்டல் செய்வதில்லை.

வீட்டில் பாஞ்சாலி படுத்தபடியே கேட்டாள். "போன காரியம் காயா, பழமா?"

"பழந்தான். கைக்குத்தான் இன்னும் வர்ல."

"தண்ணி வருமான்னு கேட்டியா?"

கேட்க மறந்துவிட்டான். பாஞ்சாலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த விசாரணைக்குள் தலைவர் ஒரு சொல்லாய்வுக் குழு அமைத்திருந்தார். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்கள், முன்னாள் நீதிபதிகள் என்று மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். போண்டா வந்தது. வேலு நின்றுகொண்டிருந்தான். 'காமொரண்ட்' என்று ஒரு சொல்லைக் குழு முன்மொழிந்தது. ஓரிடத்தில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்று பொருள். கேட்டதும் தலைவர் முகம் மலர்ந்தது; ஆம்ப்ரோஸ் பேனாவைத் திறந்தார்; வேலு சாவியை எந்தக் கையால் வாங்குவது என்று யோசித்தான். யாரோ ஒருவர் வேரைக் கேட்டார். வேர் 'மோரா'. மோரா என்றால் தாமதம்.

மன்றத்தின் தீர்ப்பில் தாமதம் என்ற பொருளுடைய வேர் இருக்கலாமா? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? போண்டா ஆறிப்போய், இரண்டாம் காபி வந்து, அதுவும் ஆறிப்போகிற வரைக்கும் இந்தப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது. கடைசியில் தலைவர் எழுந்தார்.

"இந்த மன்றம் தாமதத்தை ஒருநாளும் சகிச்சுண்டதில்லே. தாமதம்ங்கற நிழல்கூட நம்ம மேல விழப்படாது. அதனால இந்தச் சொல்லைத் தள்ளுபடி பண்றேன். எத்தனை மாசம் ஆனாலும் பரவாயில்லே, தாமதம் இல்லாத ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சே தீரணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வேலுவும் தட்டினான், பக்கத்தில் இருந்தவர் தட்டியதால். தட்டி முடித்துவிட்டு, பயந்துகொண்டே, "ஐயா, அந்த ரூம்புல தண்ணி வருமா?" என்று கேட்டான்.

"அறை வழக்குல இருக்குப்பா. வழக்குல இருக்கற அறையைத் திறந்து பார்க்கப்படாது," என்றார் தலைவர் கனிவாக.

அதற்குப் பிறகு தலைவர் அமெரிக்காவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே நல்ல நூலகம் இருக்கிறதாம். மன்றத்தின் கதவில் 'சொல் தேடல் பணி காரணமாக அமர்வு இல்லை' என்று எழுதி ஒட்டினார்கள். வேலு மாடியேறி வந்து அதைப் படித்துவிட்டு இறங்கிப் போவான். நமக்காகப் பெரிய மனுசன் கடல் தாண்டிப் போயிருக்கிறார் என்று அவனுக்கு மனம் கொஞ்சம் நெகிழ்ந்ததாகவும் கேள்வி. எனக்கு வயிறு எரிகிறது, அவனுக்கு நெகிழ்ந்திருக்கிறது.

இங்கே பாஞ்சாலி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். உட்கார இடம் கிடைத்தால் வலி. கிடைக்காவிட்டால் அதைவிட வலி. நடுவில் இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வரிசை முடிந்திருக்கும். அங்கே இருந்த நர்ஸ் நல்லவள், திட்டாமல் மறுநாள் வரச் சொல்வாள். ஒருநாள் வேலு பழைய மாதிரி வண்டியிலேயே கூட்டிப் போகிறேன் என்று பலகையில் தலையணை போட்டான். பள்ளிக்கரணை வருவதற்குள் அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். வண்டியைத் திருப்பினான். வழியில் யாரும் கிண்டல் செய்யவில்லை.

அப்புறம் ஒரு காலையில், புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு தயாரான பிறகு, அவள் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம்யா."

"டாக்டரு விடாம வரச் சொல்லிக்கீறாரு, பாஞ்சாலி."

"அந்த ரூம்பு வரட்டும். அங்கேர்ந்து போய்க்கலாம். கிட்ட தானே." கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டியா, தண்ணி வருமான்னு?" என்றாள்.

"வரும், வரும். நல்லா வருமாம்," என்று பொய் சொன்னான் வேலு. அவள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஆடி மாதத்தில் பாஞ்சாலி இறந்துபோனாள். ஏழாவது மாடியிலிருந்து அவளைப் படி வழியாகத்தான் இறக்கினார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல், கீழே வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு குடம் விட்டுக்கொடுத்தார்கள். வேலு அழுதான், ஆம்பளை அழக்கூடாது என்று யாரோ சொன்னதற்கு அவனை முறைத்துவிட்டு இன்னும் அழுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவனுக்கு மன்றத்தின் நினைவு வந்தது. தலைவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டான். இன்னும் சொல் தேடிக்கொண்டிருப்பாரோ என்னவோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று புறப்பட்டான். இப்படி ஒரு தப்பை வேலு மாதிரி ஆள்தான் செய்ய முடியும். நானாக இருந்தால் கல்லோடு போயிருப்பேன்.

அமர்வு நடந்துகொண்டிருந்தது. வேலு முன்னால் போய் நின்று, "ஐயா, ரூம்பு வேணாங்கய்யா. எம் பொஞ்சாதி தவறிட்டா. நீங்க இனிமே எதுவும் தேடிக்கினு இருக்க வேணாம்," என்றான்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அனுதாபம் சொல்லப் போகிறார் என்று நினைத்துச் சிலர் எழுந்து நின்றார்கள். அவர் கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"இன்ஃப்ரக்சுவஸ்," என்றார்.

ஆம்ப்ரோஸ் ஒரு கணம் அசையாமல் இருந்தார். பிறகு பலகையில் எழுதினார்.

"எல்லாக் கோர்ட்லயும் இந்தச் சொல்லை ரப்பர் ஸ்டாம்பு மாதிரி குத்தித் தள்ளிண்டிருக்கா," என்று தலைவர் ஆரம்பித்தார். "லண்டன்லகூட இப்ப இதை யாரும் அவ்வளவாத் தொடறதில்லே. நாமதான் காப்பாத்திண்டு வரோம். ஆனா ஒருத்தராவது ருசிச்சிருப்பாளா? லத்தீன்ல 'ஃப்ரூயி'ன்னா அனுபவிக்கறது. அனுபவிக்கக் கிடைக்கறது 'ஃப்ரக்டஸ்', பழம். முன்னாடி ஒரு 'இன்' சேர்த்தா, அது இல்லேன்னு ஆயிடறது. மனு தப்புன்னு இந்தச் சொல் சொல்லலே, கவனிக்கணும். மனு நியாயம்தான். ஆனா இப்ப கொடுத்தா அனுபவிக்க ஆள் இல்லே. அதனால பழமில்லாத மனு. இவரைப் பாருங்கோ, பழ வியாபாரி! இதைவிடப் பொருத்தமா ஒரு வழக்கு அமையுமா? அன்னிக்கே அவசரப்பட்டு ஏதோ ஒரு சொல்லைப் போட்டு அறையைக் கொடுத்திருந்தேன்னா, இன்னிக்கு இந்தச் சொல் இந்த மன்றத்துக்குக் கிடைச்சிருக்குமோ?"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு, வருத்தத்தோடு ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"இதே வேர்லேர்ந்து 'யூசுஃப்ரக்ட்'னு இன்னொரு சொல் உண்டு. அடுத்தவா சொத்துல சேதம் பண்ணாம இருந்து அனுபவிச்சுக்கற உரிமை. அறையைக் கொடுக்கறதுக்கு அதுதான் அச்சு அசலான சொல். நேத்து காபி குடிக்கறச்சேதான் தோணித்து. போகட்டும், வீணாகாது. அடுத்த மனுவுக்கு வெச்சுப்போம்."

அன்றே தீர்ப்புத் தட்டச்சாகி, கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்தது. அந்த மன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் எந்தத் தீர்ப்பும் வந்ததில்லை. ஆம்ப்ரோஸ் அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வரை வந்தார். வேலு வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சார், இன்னிக்கு போர்டுல எழுதினீங்களே, அந்த வார்த்தை மொதல்லேர்ந்தே அவர்கிட்ட இருந்துச்சா?"

"இருந்தது, வேலு. ரொம்ப நாளா வச்சிருந்தார்."

"எதுக்கு வச்சிருந்தாரு?"

ஆம்ப்ரோஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மார்கழியில் மன்றத்தின் சொற்களையெல்லாம் தொகுத்துத் தலைவர் கெட்டி அட்டையில் ஒரு நூல் வெளியிட்டார். மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் விழா நடந்தது. கேண்டீனில் கூட்டம் தாங்கவில்லை, அரங்கில் தாங்கியது. வேலுவின் வழக்குக்குத் தனி அத்தியாயம். விற்காத பிரதிகள் மூட்டை மூட்டையாக மன்றத்துக்கே திரும்பி வந்து, மனுதாரர்கள் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டன. எங்கே வைப்பது என்று யோசித்தபோது, மந்தைவெளியில் ஓர் அறை காலியாக இருப்பதும், இப்போது அதன் மேல் வழக்கு எதுவும் இல்லாததும் நினைவுக்கு வந்தது. சாவி ஒரே நாளில் கிடைத்தது.

மூட்டைகளை ஏற்ற ஆம்ப்ரோஸ் வண்டி தேடிச் சந்துக்கு வந்தபோது, முனையில் மீன்பாடி வண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தவன் வேலு. ஆம்ப்ரோஸ் அவனைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "வேற வண்டி பார்த்துக்கறேன், வேலு. நீ வரவேணாம்," என்றார், அவன் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

"எங்க சார் போவணும்?"

அவர் இடத்தைச் சொன்னார். வேலு கொய்யாவையெல்லாம் கூடையில் அள்ளிப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, "ஏத்துங்க," என்றான்.

அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம் தெரிந்தது. அடையாறு போகிற பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. பாதிக்கு மேல் காலியாக இருந்தது, உட்கார்ந்து போகலாம். வேலு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து சுவரோரம் அடுக்கினான். பாய் போட அந்தச் சுவரோரம்தான் வசதி என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் அங்கேதான் அடுக்கினான், வேறு இடம் இல்லை.

கடைசி மூட்டையை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தள்ளினான். சுவரில் ஒரு பித்தளைக் குழாய். அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் திருகினான்.

குழாய் இருமியது. துரு நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு தெளிந்து, முழு வேகத்தில், நிற்காமல் கொட்டத் தொடங்கியது.

ஆம்ப்ரோஸ் வெளியறையிலிருந்து கேட்டார். "என்னப்பா சத்தம்? தண்ணி வருதா? புஸ்தகம் நனைஞ்சிடப்போவுது, மூடிடு."

வேலு மூடவில்லை. கீழே உட்கார்ந்து, கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் கையை நீட்டினான்.

"வருது, பாஞ்சாலி," என்றான். "நல்லா வருது."